கார் என்றால் ஸ்டேசன், ஸ்டேசன் என்றால் மலை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் நாலு நாடு பார்த்தவர்களாக இருப்பார்கள், அல்லது நாலு புத்தகம் படித்தவர்களாக இருப்பார்கள். நான் ஊரில் பத்தாம் வகுப்புச் சோதனையான ஓ.எல். வரை படித்துவிட்டு, ஹீத்ரோவில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் இடத்தில் வேலை செய்கிறவன். நான் அடுக்கிய தட்டுகள் போகாத நாடு இல்லை. நான் போன நாடுகள் குறைவு. எங்கள் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் கோயிலில் வைத்துக் கேட்டபோது, ஏலாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. கூச்சத்தினால் ஒப்புக்கொண்ட காரியம் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நாங்கள் பிரான்சில் ஒரு பனிச்சறுக்குக் கிராமத்துக்குப் போய் வந்தோம். நாங்கள் என்றால் நான், மனைவி பவானி, பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள் துஷி. ஹவுன்ஸ்லோவில் இருந்து ஒரு தமிழ்க் குடும்பம் சறுக்கி விளையாடப் போனது என்றால் சிரிப்பு வரும். என் வேலையிடத்திலும் சிரித்தார்கள்.

காரணம் என் தங்கை கலா. அவளுடைய கணவர் ரூபன் அந்தக் கிராமத்தில் ஒரு ஹோட்டலில் சமையல்காரர். பாரிசுக்கு வெளியே ஒரே அறையில் இருந்தவர்கள், சில வருஷங்களுக்கு முன் மலைக்கு ஏறிப் போய்விட்டார்கள். ஹோட்டல் வேலையாட்களுக்கென்று கொடுத்த வீட்டில் மகள் அனுஷாவோடு இருக்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் வேறு தமிழர் ஒருவரும் இல்லை.

எனக்கு அதுதான் கவலை. எங்கள் வீட்டில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேரும் கூச்சக்காரர், அவள் என்னைவிடக் கூட. ஊரில் பஸ்ஸில் போனால் இறங்குகிற இடத்தில் நிறுத்தச் சொல்லிக் கத்த வேண்டும். எனக்கும் அவளுக்கும் அது வராது. வேறு யாராவது இறங்குகிற இடம் வரும்வரை போய்விட்டு, இருவரும் பேசாமல் திரும்பி நடந்து வருவோம். அப்படிப்பட்ட பிள்ளை முன்பின் தெரியாத வெள்ளைக்காரர் நடுவில் ஒரு மலையில் என்ன செய்கிறாளோ என்று எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு.

இந்த நேரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, சிவநேசன் அண்ணையின் பலசரக்குக் கடைக்கு மேலே இருந்த வீடு காலியாகப்போவதாக அறிந்தேன். பிரான்சிலும் ஜெர்மனியிலும் இருந்த எத்தனையோ குடும்பங்கள் பிள்ளைகளின் இங்கிலீஷ் படிப்புக்காக லண்டனுக்கு வந்துகொண்டிருந்த காலம். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னபோது சிவநேசன் அண்ணை, "தங்கச்சி குடும்பம் எண்டா நல்லதுதானே. நீர் போய்க் கேட்டுக்கொண்டு வாரும். அதுவரைக்கும் நான் ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன்" என்றார்.

போனில் கேட்டிருக்கலாம். போனில் பேசுவதென்றால் என் வாயில் 'சுகமோ, சாப்பிட்டாச்சோ' தவிர வேறு வராது. நேரே போய்க் கேட்பதென்று முடிவு செய்தேன். வீட்டில் மட்டும், "துஷிக்குப் பனி காட்ட வேணும்" என்றேன்.

"மார்கழிப் பனி தலையிலை படக்கூடாது எண்டு காதை மூடிக் கட்டின ஆக்கள் நாங்கள்" என்றாள் பவானி. "இப்ப ரிக்கற் எடுத்துக்கொண்டு போய் அதுக்குள்ள விழப்போறம்."

துஷி இங்கிலீஷில் ஏதோ கத்தினாள். சந்தோஷக் கத்தல் என்று விளங்கியது. அன்றிலிருந்து கம்ப்யூட்டரை விட்டு எழும்பவில்லை. எங்கே சறுக்குவது, என்ன உடுப்பது, விழுந்தால் எந்தப் பக்கமாக விழுவது என்று எல்லாம் படித்து எங்களுக்கும் பாடம் எடுத்தாள்.

வேலையிடத்தில் லீவு கேட்டதுதான் பெரிய பாடு. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் அன்று வேலைக்கு வருகிறவன் நான். மேற்பார்வை செய்யும் பஞ்சாபிப் பெண்மணி, "உனக்கா? கிறிஸ்துமசுக்கா? சுகமில்லையா?" என்று கேட்டுவிட்டுத் தந்தார்.

குளிருக்கு ஜாக்கெட் தேடிப் பழைய உடுப்புக் கடைகளில் அலைந்தோம். எனக்குப் பொருந்திய ஒன்றே ஒன்று கடும் செம்மஞ்சள் நிறம். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது, ஓடுபாதையில் விமானத்துக்குக் கை காட்டுகிறவர் போல இருந்தேன். பெட்டிக்குள் இடியப்ப மா, மிளகாய்த்தூள், பனங்கட்டி, புளி எல்லாம் போனபின், பவானி எனக்குத் தெரியாமல் கருவாட்டையும் நாலைந்து பைகளுக்குள் சுற்றி வைத்தாள். தெரியாமல் என்று அவள் நினைத்தாள். மணம் தெரிந்தது.

புறப்படுவதற்கு முன் ரூபன் போன் எடுத்தார்.

"மச்சான், நல்லாக் கேளுங்கோ. ட்ரெயினாலை இறங்கி கார் வாசலிலை நில்லுங்கோ. நான் அங்கை நிப்பன். ஹோட்டலிலை வேலை கூடி நான் பிந்தினா, ஸ்டேசனுக்கு பஸ் நிக்கும். அதிலை ஏறி வாங்கோ."

"ஓம், ஓம்" என்றேன். விளங்காததைத் திருப்பிக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

எப்படிப் போனோம், எங்கே மாறினோம் என்பதையெல்லாம் எழுதி உங்களை அலுக்கவைக்க மாட்டேன். பின்னேரம் மலையடிவாரத்தில் ஒரு சின்னப் பட்டணத்தில் ட்ரெயினால் இறங்கினோம். மூக்கால் இழுத்த காற்று நெற்றி வரை போய் நின்றது. பக்கவாசலால் வெளியே வந்தால் கார் நிறுத்துமிடம். கார்கள் எல்லாம் பனி மூடி ஒரே மாதிரி வெள்ளையாக நின்றன.

"அவரின்ரை கார் என்ன கலர்?" என்றாள் பவானி.

"தெரியாது."

"கேக்கேல்லையோ?"

"கார் வாசலிலை நிக்கச் சொன்னவர்."

மூன்று பேரும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு காராக எட்டிப் பார்த்தோம். ஒரு காருக்குள் இருந்த நாய் எங்களைப் பார்த்துக் குரைத்தது. என் போனில் வெளிநாட்டில் பேசும் வசதியைப் போட மறந்துவிட்டேன். செம்மஞ்சள் ஜாக்கெட்டைக் கண்டு ஒரு கிழவர் என்னைக் கார் நிறுத்துமிடத்து ஆள் என்று நினைத்து, கண்ணாடியை இறக்கி ஏதோ கேட்டார். நான் ஒரு காலியிடத்தைக் கையால் காட்டினேன். அவர் நன்றி சொல்லி அங்கே கொண்டுபோய் விட்டார்.

"அப்பா இஸ் வேர்க்கிங் ஹியர் நவ்" என்றாள் துஷி.

ரூபனைக் காணவில்லை. பிந்தினால் பஸ் என்று சொன்னது நினைவு வந்தது.

"எங்கை போற பஸ்?"

"ஸ்டேசனுக்கு."

பவானி திரும்பிப் பின்னாலிருந்த கட்டடத்தைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். "ஸ்டேசனிலை நிண்டுகொண்டு ஸ்டேசனுக்கு பஸ் ஏறச் சொன்னவரோ? மனுசனுக்குக் குளிரிலை தலை விறைச்சுப் போச்சோ?"

மூலையில் ஒரு பஸ் நின்றது. நான் போய்ச் சாரதியிடம் மெல்ல, "ஸ்டேசன்?" என்றேன். அவர் சந்தேகமே இல்லாமல் தலையை ஆட்டி, விரலால் வானத்தைக் காட்டினார். அங்கே மலைதான் இருந்தது. வேறு வழியில்லாமல் ஏறினோம்.

பஸ் பாம்பு போல வளைந்து வளைந்து ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் பவானி பிள்ளையாரைக் கூப்பிட்டாள். பாதி வழியில் சாரதி பஸ்ஸை நிறுத்தி, இறங்கிப் போய், எதிரே வந்த பஸ்காரரோடு சிகரெட் பற்றவைத்துக் கதைத்துவிட்டு வந்தார். ஒருவரும் முறைக்கவில்லை. ஹவுன்ஸ்லோவில் என்றால் புகார்க் கடிதமே போட்டிருப்பார்கள்.

மேலே பஸ் நின்ற இடத்துக்கு முன்னால் ஒரு பாண் கடை, கண்ணாடிக்குள் நீள நீள ரொட்டிகள். கதவு திறந்திருந்தது. உள்ளே நீள வரிசை. கல்லாப் பக்கமிருந்து ஒரு பெண் வரிசையின் கடைசி ஆளுக்குக் கேட்கும்படி பிரெஞ்சில் உரத்து ஏதோ சொல்ல, கடை முழுக்கச் சிரித்தது. வாய்க்காரி ஒருத்தி என்று நினைத்துக்கொண்டே நான் பெட்டியை இறக்கினேன்.

"அண்ணை!"

அதே குரல். வெள்ளை ஏப்ரனோடு மாக் கையை உதறிக்கொண்டு ஓடி வந்தது கலா. அவள் எங்களைக் காட்டி உள்ளே இருந்தவர்களுக்கு ஏதோ சொன்னாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பி, "போன்ஜூர்" என்றார்கள். நான் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றேன்.

"அவர் எங்கை? உங்களைக் கூட்டத்தானே கீழை போனவர்?"

கலா போன் எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் ரூபன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். மூக்கு சிவந்து போயிருந்தது.

"மச்சான், நான் கார் வாசலிலை நிண்டு விறைச்சுப் போனன்!"

"நாங்களும் ஒவ்வொரு கார் வாசலிலும்தானே நிண்டம்!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவரோடு வந்த அனுஷாதான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நடுவில் வந்தாள். அவளுக்கு மழலைத் தமிழ்தான், ஆனால் தெளிவாகச் சொன்னாள். "மாமா, கார் எண்டா ட்ரெயின் வாற இடம்."

"அது ஸ்டேசனெல்லோ?"

"இல்லை, ஸ்டேசன் இது." கையை விரித்து மலை, ஹோட்டல்கள், சறுக்குகிற சரிவு எல்லாவற்றையும் காட்டினாள். "சறுக்கிற ஊருக்குப் பேர் ஸ்டேசன்."

"அப்ப காருக்கு என்ன பேர்?"

"வுவாத்யூர்."

பிரெஞ்சுக்காரன் ஸ்டேசனுக்குச் சொல்லும் 'கார்' என்ற சொல்லைக் கொஞ்சம் மெத்தென்று சொல்வானாம். எங்கள் வாயில் இரண்டும் ஒரே ககரம்தான். பாரிஸ் தமிழில் கார் என்பது ஸ்டேசன், ஸ்டேசன் என்பது மலை. அன்று இரவுச் சாப்பாடு முழுக்க இதே கதைதான். "நல்ல காலம் அனுஷா, உன்ர கொப்பர் எங்களை ஏர்போட்டிலை நிக்கச் சொல்லேல்லை. எந்தக் கடலிலை இறக்கியிருப்பாரோ" என்றாள் பவானி.

அடுத்த நாள் பிள்ளைகள் சறுக்கப் போனார்கள். நான் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தேன். எனக்கு ஆச்சரியம் தந்தது பனியில்லை, துஷியின் தமிழ். வீட்டில் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற பிள்ளை. அனுஷாவுக்கோ பிரெஞ்சு. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது தமிழ் ஒன்றுதான்.

"மச்சாள், நீ முதல் போ."

"நீ போ. உனக்குப் பயமா?"

"எனக்குப் பயம் இல்லை. என்ர கால்தான் பயப்பிடுது."

சொல்லி முடிக்கும் முன்னே சறுக்கிக்கொண்டு போய், விழ வேண்டிய பக்கம் இதுதான் என்று எங்களுக்குப் பாடம் எடுத்த பிள்ளை, மறுபக்கமாக விழுந்தாள்.

மத்தியானம் ரூபன் ஹோட்டலிலிருந்து சீஸ் கொண்டுவந்தார். பெரிய வட்டத்தில் பாதி. அதை நெருப்புக்கு முன்னால் பிடித்து, உருகி வருவதை வழித்து அவித்த உருளைக்கிழங்கின் மேல் விட்டுச் சாப்பிட வேண்டும். நானும் பல வருஷமாகத் தட்டில் சீஸ் வைக்கிறவன்தான். அது பிளாஸ்டிக்கில் சுற்றிய, மணமில்லாத சின்னத் துண்டு. இது உருகத் தொடங்கியதும் பவானி எழும்பி ஜன்னலைத் திறந்தாள்.

"மச்சான், பாத்தீங்களோ?" என்றார் ரூபன். "அவங்கட சீஸ் மணந்தா ருசி. எங்கட கருவாடு மணந்தா மட்டும் போலீஸ் வரும்."

"கருவாடு இருக்கு" என்றாள் பவானி மெதுவாக.

எல்லோரும் ஒரே நேரத்தில் எழும்பினோம். பால்கனியில் பனிக்கு நடுவில் சின்ன அடுப்பை வைத்துக் கருவாடு பொரித்தோம். மணம் மேல் மாடிக்கும் கீழ் மாடிக்கும் போயிருக்க வேண்டும். சட்டி அடுப்பில் இருக்கும்போதே கதவு தட்டினார்கள். பக்கத்து வீட்டு அம்மா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். நான் கலாவுக்கு முன்னால் போய் நிற்க நினைத்தேன். அதற்குள் கலா அவரோடு சத்தமாகக் கதைத்து, அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டாள். அந்த அம்மா கண்ணை மூடி மென்றார். ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றேன்.

"உப்புக் கூடிப்போச்சாம். ஆனா வைன் இருந்தா சரியாம். எடுத்துக்கொண்டு வரப் போறா."

வந்தார். இருந்து சாப்பிட்டார். கருவாடும் சீசும் ஒரே தட்டில் போட்டுக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் அன்று ரூபனுக்கு விடியவே வேலை. எனக்குப் பழக்கப்பட்ட நாள் அது. லண்டனில் பஸ்சும் ட்ரெயினும் இல்லாமல் ரோட்டெல்லாம் வெறிச்சோடியிருக்கும், வேலையிடத்திலிருந்து வான் வண்டி அனுப்பி எங்களை ஏற்றுவார்கள். இந்த ஊரில் குஞ்சு குருமான் எல்லாம் வெளியே நின்றது. கலாவுக்கு மத்தியானத்தோடு கடை மூடியதும், "அண்ணை, வாங்கோ, மலைக்கு மேலை போவம்" என்றாள். பவானியையும் கூப்பிட்டோம். "நான் கீழை நிண்டு உங்களுக்காகக் கும்பிடுறன்" என்று மறுத்துவிட்டாள்.

கம்பியில் தொங்கிக்கொண்டு போகிற கதிரை, அதாவது நாற்காலி, அதில்தான் மேலே போக வேண்டும். ஓடிக்கொண்டே வந்து முழங்காலுக்குப் பின்னால் இடிக்கும், உடனே இருந்துவிட வேண்டும். இருந்தேன். கால் தொங்கியது. கீழே மரங்களின் நுனிகள் போயின. பாதி வழியில் கதிரை ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

நான் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். கலா முன் கதிரையில் இருந்தவர்களைக் கூப்பிட்டு ஏதோ கேட்டாள். அவர்கள் திரும்பிப் பதில் சொன்னார்கள். பின் கதிரையிலிருந்தும் ஒரு குரல் வந்தது. காற்றில் தொங்கிக்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள்.

"என்ன சொன்னனீ?"

"மேலை ஆரோ இறங்கேக்கை விழுந்திட்டினமாம். பின்னாலை இருக்கிறவர் சொல்லுறார், அது தன்ரை மாமியாராத்தான் இருக்குமாம், எல்லாருக்கும் முதலே ஏறிப் போனவவாம்."

இனிமேல் இப்படி ஒரு நேரம் வாய்க்காது என்று பட்டது. முகம் பார்க்கத் தேவையில்லை. எழும்பிப் போகவும் இடமில்லை.

"கலா, சிவநேசன் அண்ணையின்ரை கடைக்கு மேலை ஒரு வீடு இருக்கு."

"தெரியும். மச்சாள் சொன்னவ."

"பவானிக்குத் தெரியுமோ?"

"நீங்கள் வெளிக்கிட முந்தியே போனிலை சொல்லிப்போட்டா. கொண்ணர் கேப்பார், அந்தரப்பட்டுத்தான் கேப்பார், பொறுமையாக் கேட்டுப் பதில் சொல்லும் எண்டவ."

நான் மரங்களைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "அப்ப என்ன சொல்லுறாய்?"

அவள் கையுறையைக் கழற்றி மறுபடி போட்டாள். "அண்ணை, குறை நினைக்கக் கூடாது. எனக்குத் தமிழிலைதான் கூச்சம். பிரெஞ்சிலை கூச்சமே இல்லை."

"அதென்ன கதை?"

"தமிழிலை வாய் திறக்க முதல் எவ்வளவு யோசிக்க வேணும். இவ எனக்கு அக்காவோ மாமியோ, நீங்களோ நீரோ, ஆரின்ரை ஆள், என்னத்தை விடுத்து விடுத்துக் கேப்பா எண்டு. நான் யோசிச்சு முடிய அவ போயிடுவா. பிறகு கலா பெருமைக்காரி எண்டு கதை வரும். இஞ்சை எல்லாருக்கும் ஒரே போன்ஜூர். மேயருக்கும் அதுதான், குப்பை எடுக்கிறவருக்கும் அதுதான். வாய் தன்ரை பாட்டிலை திறக்குது. எனக்கு ஒரு வாய் இருக்கெண்டு இஞ்சை வந்துதான் எனக்கே தெரியும்."

எனக்கு அது நன்றாக விளங்கியது. சாமான் வாங்கப் போன இடத்தில் தெரிந்த முகத்தைக் கண்டால், தேவையில்லாத தட்டுப் பக்கம் திரும்பி நின்று பருப்புப் பைகளை வாசிக்கிறவன் நான். பாண் கடை வாசலில் அந்தக் குரலைக் கேட்டபோதே என் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது என்றும் தோன்றியது.

"தனியச் சுகமில்லாமல் கிடந்தா ஆர் பாக்கிறது?" என்று கடைசியாக ஒன்று கேட்டுப் பார்த்தேன்.

"போன மாரியிலை காய்ச்சலிலை கிடந்தனான். கருவாடு திண்டாவே பக்கத்து வீட்டு அம்மா, அவதான் சூப் வைச்சுத் தந்தவ. உங்களுக்குச் சொல்லேல்லை. சொன்னா அண்டைக்கே ஓடி வந்திருப்பீங்கள்."

"என்னோடை கதைக்கவும் கூச்சமோ?"

"இவ்வளவு காலமும் உங்களோடை கதைச்சதெல்லாத்தையும் விட இப்பத்தான் கூடக் கதைச்சிருக்கிறன்" என்று சிரித்தாள். "கதிரை ஓடத் தொடங்கினா நிப்பாட்டிப்போடுவன்."

கதிரை ஓடத் தொடங்கியது. சொன்னபடி நிறுத்திவிட்டாள். மேலே இறங்குகிற இடத்தில் ஒரு வயதான பெண்மணி பனியைத் தட்டிக்கொண்டு பின்னால் வந்த மருமகனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது பவானி என் முகத்தைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி போட்டுத் தந்தாள். துஷியிடம், இவர்கள் லண்டனுக்கு வரமாட்டார்கள் என்று சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்து, "பரவாயில்லை அப்பா, நாங்கள் ஒவ்வொரு வருஷமும் வரலாம்" என்றாள். முழுவதும் தமிழில் சொன்னாள்.

மிச்ச நாட்கள் சாப்பிட்டதிலும் சிரித்ததிலும் போயின. திரும்பும் அன்று கலாவும் எங்களோடு கீழே வந்தாள். ட்ரெயின் வந்ததும், அத்தனை சனத்துக்கு முன்னால், பிரெஞ்சுக்காரர் மாதிரி என் இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். எங்கள் வீட்டில் இந்த வழக்கம் இருந்ததில்லை. எந்தக் கன்னத்தை முதலில் கொடுப்பதென்று தெரியாமல் நான் திரும்ப, மூக்கும் மூக்கும் முட்டியது. அவள் பெரிதாகச் சிரித்தாள். ட்ரெயினுக்குள் ஏறிய பிறகும் அந்தச் சிரிப்பு வெளியே கேட்டது. நான் ஜன்னலால் கையைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் எனக்கு மத்தியான ஷிப்ட். போகிற வழியில் சிவநேசன் அண்ணையின் கடைக்குள் போய், மேல் வீட்டை வேறு ஆட்களுக்குக் கொடுக்கச் சொன்னேன். அவர் ஓம் என்றார். வேலைக்குப் போகும் பஸ் பிந்தி வந்தது. நான் முறைக்கவில்லை.